பூனை குறுக்க போனா கதையில சண்டை வந்துருமா?

காரைக்குடில நாங்க ஒரு ஏழெட்டு பேரு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமை யாராவது ஒருத்தர் வீட்டு முகப்புல உக்காந்து ஒரு நாவலப் பத்தி பேசுறது வழக்கம், பேச்சு பாதி வெள்ளைப் பணியாரம் பாதின்னு ஓடும், அதுல கொஞ்ச நாளா ஒரு வார்த்தை சாமி வந்த மாதிரி ஆடிட்டு இருக்கு. ஃபோர்ஷேடோயிங். பின்னாடி வரப்போறத முன்னாடியே கோடி காட்டுறதாம். மொத அத்தியாயத்துல மழை பேஞ்சா ஃபோர்ஷேடோயிங். பூனை குறுக்க போனா ஃபோர்ஷேடோயிங். போன தடவை ஒரு தம்பி, "கதாநாயகி பச்சைச் சேலை கட்டிருக்கா பாருங்க, அவளுக்கும் மாமியாருக்கும் சண்டை வரப்போகுதுன்னு ஆசிரியர் அங்கயே சொல்லிட்டாரு"ன்னான். எப்புடிப்பான்னு கேட்டா "பச்சைன்னா பொறாமைண்ணே"ங்கிறான். அது வெள்ளைக்காரன் ஊர்ல. மதுரைக்கு இந்தப் பக்கம் பச்சைன்னா மீனாட்சி.

அவனச் சொல்லி குத்தமில்ல, நானும் ரொம்ப வருஷம் இப்படித்தான் பேசிட்டு திரிஞ்சேன். எந்தப் பொருளப் பாத்தாலும் அதுக்கு ஒரு அர்த்தம் ஒட்டிட்டு, "ஆகா, ஆசிரியர் என்னமா உள்ள வச்சிருக்காரு"ன்னு தலையாட்டுறது. அப்புறம் ஒரு நாள் ஒரே நாவல ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் இது உண்மைல எப்படி வேலை செய்யுதுன்னு பிடிபட்டுச்சு. அதத்தான் இங்க எனக்குத் தெரிஞ்ச பாஷைல சொல்லப்போறேன், இலக்கியம் படிச்சவங்களுக்கு இல்ல, இப்பதான் நாவல் படிக்க ஆரம்பிச்சவங்களுக்கு.

மொதல்ல பேரு. ஃபோர்ஷேடோயிங்க தமிழ்ல முன்னுணர்த்தல்னு சொல்றாங்க. பின்னாடி நடக்கப்போற ஒண்ணோட தடயத்த முன்னாடியே கதைக்குள்ள போட்டுட்டு போறது, ஆனா படிக்கிறவருக்கு அந்த நிமிஷத்துல அது தடயம்னு தெரியக்கூடாது, இல்ல அரைகுறையாத்தான் தெரியணும். அவ்வளவுதான் வெளக்கம். சிக்கலெல்லாம் "எப்படி"ங்கிறதுல இருக்கு.

எறும்புக்கு நம்மளப் பத்தி கவலை கிடையாது

எங்க பக்கம் வானம் பாத்த பூமி. செம்மண்ணு, கண்மாயும் ஊரணியும் நம்பி இருக்குற ஊருங்க. அதனாலதான் இங்க பெரிய வீடுகள்ல நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் நடுவுல இருக்குற வளவுக்குள்ள, அதாவது முத்தத்துக்குள்ள, தண்ணிய எறக்குற மாதிரி கட்டிருப்பாங்க, மழை வந்தா அண்டாவ வச்சுப் புடிச்சுக்கலாம். எங்க ஆயா மழை வருமான்னு வானத்தப் பாக்க மாட்டாக. தரையப் பாப்பாக. எறும்பு முட்டையத் தூக்கிட்டு வளவுலேர்ந்து மேல பட்டாலைத் திண்ணைக்கு ஏறுதுன்னா, "அடியே, அந்த அண்டாவக் கொண்டாந்து வைங்கடி"ன்னு ஒரு சத்தம் போடுவாக. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறுனா மழைன்னு பழமொழியே இருக்குல்ல.

இதுல கவனிக்க வேண்டியது, எறும்பு ஆயாவுக்கு சேதி சொல்ல வரல. அதுக்கு அதோட முட்டையக் காப்பாத்தணும், அதோட சோலியப் பாத்துட்டு போகுது. அதத் தடயமாக்குனது ஆயாவோட கண்ணு. ரேடியோல "அடுத்த 24 மணி நேரத்தில் இடியுடன் கூடிய மழை"ன்னு சொல்றாங்கல்ல, அது அறிவிப்பு. நாவல்ல "வரப்போகும் புயலை அவள் அப்போது அறிந்திருக்கவில்லை"ன்னு ஒரு வரி வந்தா அதுவும் ரேடியோதான், எறும்பு இல்ல. தப்புன்னு சொல்லல, அப்படியும் எழுதலாம், பெரிய ஆளுங்களே எழுதிருக்காங்க, ஆனா அது வேற வித்தை.

பக்கத்துல இருக்குற ரெண்டு மூணு சொல்லு இதோட கலந்து போகுது, அதையும் இப்பவே பிரிச்சிருவோம். அண்டாவ வச்சுட்டு எப்ப கொட்டும்னு அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறோமே, அது சஸ்பென்ஸ். வெயில் சுள்ளுனு அடிக்கும்போது திடீர்னு கொட்டித் தீத்தா அது ட்விஸ்ட், ஆனா நல்ல ட்விஸ்ட்ல பின்னாடி போய்ப் பாத்தா எறும்பு போன தடம் இருக்கும், மட்டமான ட்விஸ்ட்ல இருக்காது. பூனை, பல்லி, ஒத்தைத் தும்மல் எல்லாம் சகுனம். சகுனத்த ஒரு நாவல் பயன்படுத்திக்கலாம், ஆனா சகுனம் வந்ததாலயே அது முன்னுணர்த்தல் ஆயிராது.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: தடயத்துக்கு அது வர்ற எடத்துல சொந்தமா ஒரு வேலை இருக்கணும். நமக்கு சேதி சொல்றதுக்குன்னே வந்து நிக்கிற எறும்பு எறும்பே இல்ல.

பத்து அடுப்பு இருந்த வீட்டுல ஒரு அடுப்பு

அடுத்தது படிமம். இமேஜரின்னு சொல்றாங்களே, அது. கண்ணு, காது, மூக்கு, நாக்கு, தோலு இதுல ஏதோ ஒண்ணுக்கு நேரா போய்ச் சேர்ற மாதிரி எழுதுன காட்சி, கூடவே சொல்லாத ஒண்ணையும் சேத்துக் கொண்டு போறது. "அந்த வீடு களையிழந்து கிடந்தது" இது தகவல். "பத்து புள்ளிக்கு பத்து அடுப்பு எரிஞ்ச வீட்டுல இப்ப ஒரு மூலைல மட்டும் பொகை" இது படிமம். வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை, இங்க நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியாருங்க கணக்குல கல்யாணமான ஒவ்வொரு ஆணோட குடும்பமும் ஒரு புள்ளி, ஒரே வீட்டுல அண்ணந்தம்பி இருந்தாலும் சமையல் தனித்தனி. அதனால அடுப்பு எண்ணிக்கைய வச்சே வீட்டுக் கதையச் சொல்லிரலாம்.

உவமைன்னா "மாதிரி"ன்னு ஒண்ண இன்னொண்ணோட சேத்து வைக்கிறது. படிமத்துக்கு மாதிரி தேவையில்ல, பொருளே நின்னு பேசும். பொகை பொகையாவே இருக்கு, அதே சமயம் யாரோ பிடிவாதமா இங்க இருந்துட்டாங்க, மத்தவங்க போயிட்டாங்கன்னும் சொல்லுது. போனவங்களுக்கும் இருக்குறவங்களுக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு அந்தப் பொகையப் பாத்ததும் நம்ம மனசு லேசா மோப்பம் புடிக்குது பாருங்க, படிமமும் முன்னுணர்த்தலும் கைகோக்குற எடம் அதுதான்.

ஒரு தேக்குத் தூணு, ரெண்டு கண்ணு

நாவல்ல முரண்னு சொல்றது கெட்டவனும் நல்லவனும் அடிச்சுக்கிறத இல்ல. ரெண்டு பேருக்கு ரெண்டு ஆசை, ரெண்டுலயும் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணா நடக்க வழியில்ல. அதுதான் முரண். அப்ப வரப்போற முரண முன்னாடியே காட்டணும்னா என்னத்தக் காட்டணும்? இடியையும் மின்னலையுமா? அந்த ரெண்டு ஆசையத்தான காட்டணும். இத முழுங்குறதுக்கு எனக்கு பல வருஷம் ஆச்சு.

ஒரு கதை வச்சுக்குவோம், நானே கட்டுறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. அண்ணன் மெட்ராஸ்ல, தம்பி ஊர்லயே. பிள்ளையார் நோன்புக்கு அண்ணன் குடும்பத்தோட வந்திருக்காரு. நாவல் முடியுறதுக்குள்ள இந்த வீட்ட விக்கிறதா வேணாமாங்கிறதுல ரெண்டு பேரும் ஜென்மப் பகையாகப் போறாங்க. இத மொத அத்தியாயத்துல எப்படி வைக்கிறது?

கத்துக்குட்டி எழுத்தாளர் என்ன செய்வாருன்னா, அண்ணன் கார்லேர்ந்து எறங்கும்போது இடி இடிக்கும், பல்லி கத்தும், நோன்புக்கு ஏத்துன வெளக்கு பொசுக்குனு அணையும், அப்பத்தா நெஞ்சப் புடிச்சுட்டு "என்னமோ சரியில்லையே"ம்பாக. படிக்கிறவன் என்ன நெனைப்பான்? சரி, சண்டை வரப்போகுது, எத்தனாவது பக்கம்னு பொரட்டுவான். எதுக்குச் சண்டை, யாருக்கு என்ன வேணும், ஒரு எழவும் தெரியாது.

இன்னொரு விதமா எழுதிப் பாப்போம். சாப்பாட்டுப் பந்திக்கு எத்தனை எலை போடுறதுன்னு உள்ள கணக்கு ஓடிட்டு இருக்கு, கொழந்தைங்க சத்தம், யாரோ உப்பு எங்கன்னு தேடுறாங்க. நடுவுல அண்ணன் வளவுத் தூண வெரல் முட்டியால தட்டிப் பாக்குறாரு, டொக்கு டொக்குனு, "பர்மா தேக்கு, ஒரு பொட்டு உளுக்கல பாத்தியா"ன்னு சந்தோசமாச் சொல்லிட்டு ஃபோன எடுத்து ஒரு படம் புடிக்கிறாரு. தம்பி அதே தூணுல சாஞ்சுட்டு நிக்கிறாரு, அவரு வெரலு அதுல இடுப்பு உயரத்துல ஒரு பள்ளத்துலயே ஓடிட்டு இருக்கு, இவங்க எல்லாருக்கும் தொட்டில் கட்டுன கயிறு தேஞ்சு தேஞ்சு உண்டான பள்ளம். அப்புறம் எலை இருபத்தி மூணா இருபத்தி நாலான்னு பேச்சு போயிருது.

ஒரு சொல்லு கூட சண்டையா இல்ல. ரெண்டு பேருமே தூண ரசிக்கிறாங்க. ஆனா ஒருத்தர் கண்ணுல அது மரம், இன்னொருத்தர் கண்ணுல அது தொட்டில். மொத தடவை படிக்கிறவருக்கு அண்ணன் தம்பி பாசமாத்தான் தெரியும், அப்படித்தான் தெரியணும். எறும்பு அதோட சோலியப் பாக்குது.

அந்தத் தூண இன்னொரு தடவை கொண்டு வரணும், ஆனா அப்படியே இல்ல. நாலாவது அத்தியாயத்துல பெயிண்ட் அடிக்க அளவெடுக்கிறோம்னு யாரோ ஒருத்தர் வந்துட்டு போறாரு, அவரு போனதுக்கு அப்புறம் தம்பி பொண்டாட்டி கூட்டும்போது பாக்குறாக, தூணுல சாக்பீஸ்ல 7ன்னு எழுதிருக்கு. துணியால தொடச்சுட்டு அடுத்த தூணுக்குப் போறாக, அதுல 8. அவ்வளவுதான், அவுகளும் ஒண்ணும் சொல்லல, ஆசிரியரும் ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல. அந்தத் தெருவப் பாத்தவங்களுக்குத் தெரியும், பிரிச்ச வீடுகளோட கதவு, நெலை, தூணு, மரவைங்கிற மரப் பாத்திரம், பழைய போட்டோ ஃப்ரேம் எல்லாம் கடை கடையா சாத்தி வச்சிருப்பாங்க. தம்பி வேற எதுக்கோ போறவரு, ஒரு கடை வாசல்ல படுக்கப் போட்டிருந்த தூணத் தாண்டும்போது கால் நிக்குது, குனிஞ்சு வெரல வைக்கிறாரு, பள்ளம் இருக்கு.

இந்த எடத்துல படிக்கிறவருக்கு ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும். அய்யய்யோங்கிறது ஒண்ணு. இன்னொண்ணு, "அன்னைக்கே தட்டிப் பாத்தாரே"ன்னு மனசு பின்னாடி ஓடிப் போயி மொத அத்தியாயத்தத் தொட்டுட்டு வர்றது. அந்த ஓட்டம்தான் முன்னுணர்த்தலோட பலன். பின்னாடி வர்றத முன்னாடியே கண்டுபிடிக்க வைக்கிறதுக்கு இது இல்ல, பின்னாடி வந்ததும் "இது இப்படித்தான் ஆகியிருக்கும்"னு தோண வைக்கிறதுக்கு. நம்மாளுங்க துப்பறியுற மாதிரி தடயம் தேடுறது இங்கதான் தடம் மாறிப் போகுது.

திரும்ப ஒருக்க: ஒரே பொருள ரெண்டு பேரு ரெண்டு விதமாப் பாக்குற மாதிரி வையுங்க, அதே பொருள கொஞ்சம் மாத்தி மாத்தித் திரும்பக் கொண்டாங்க, முரண் பேச்சுல வர்றதுக்கு முன்னாடியே பொருள்ல வந்து உக்காந்துக்கும்.

வைகை அழுதுச்சு, கோவலன் பூவப் பாத்தான்

இது என்னமோ வெளிநாட்டு சரக்குன்னு நெனைக்கிறவங்களுக்காக நம்ம சிலப்பதிகாரத்துக்குப் போவோம், நாவல் இல்லதான், ஆனா வித்தை அங்கயே முழுசா இருக்கு. கோவலனும் வணிகர் வீட்டுப் புள்ளை, காவிரிப்பூம்பட்டினத்துக்காரன், நகரத்தாரும் தங்களோட பூர்வீகம் அந்த ஊருன்னுதான் வழிவழியாச் சொல்லிட்டு வர்றாங்க, அதனால எங்க பக்கத்துல அவன் கதைய என்னமோ பங்காளி வீட்டு சங்கதி மாதிரித்தான் பேசுவோம்.

கல்யாணத்துலயே ஆரம்பிக்குது. பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்துற பொம்பளைங்க "காதலற் பிரியாமல், கவவுக்கை ஞெகிழாமல், தீது அறுக"ங்கிறாங்க. புருஷனப் பிரியாம, அணைச்ச கை நெகிழாம, கெடுதல் இல்லாம இருங்கன்னு அர்த்தம். கல்யாண வீட்டுல யாரும் சொல்ற வாழ்த்து, அங்க அதுக்கு ஒரு வேலை இருக்கு. ஆனா பிரியுறது, கை நெகிழுறதுங்கிற ரெண்டு சொல்லும் மணவறைக்குள்ளயே வந்து உக்காந்துருச்சு பாத்தீங்களா.

அப்புறம் மதுரை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகள்ங்கிற சமணத் துறவியோட நடந்து வந்து வைகைய அடையுறாங்க. கண்ணகிக்கு வரப்போறது அந்த ஆத்துக்குத் தெரிஞ்ச மாதிரி, கண்ணு நெறைஞ்ச தண்ணிய மறைச்சு அடக்கிக்கிட்டு, மேல பூவையே ஆடையாப் போத்திட்டு ஓடுதுன்னு இளங்கோ எழுதுறாரு. அதே ஆத்த இவங்க பாத்து என்ன சொல்றாங்க தெரியுமா? "புனல்யாறு அன்று, இது பூம்புனல்யாறு". ஆகா, இது தண்ணி ஓடுற ஆறு இல்ல, பூ ஓடுற ஆறுன்னு கும்புடுறாங்க.

நான் மேல தூணுக்குச் சொன்னதேதான். ஒரே ஆறு, ரெண்டு கண்ணு. பூ மெதக்குறது பொய் இல்ல, அவங்க பாத்தது சரிதான். நமக்கு மட்டும் அடில இருக்குற தண்ணியும் தெரியுது. அவங்க சந்தோசப்பட சந்தோசப்பட நமக்கு அடிவயிறு கலங்குது, அவங்க அழுதிருந்தா இவ்வளவு கலங்கிருக்காது.

அதே காதைல, அதாவது அதே அத்தியாயத்துல, கோட்டை மதில் மேல கொடி பறக்குது, "வாரல்" வராதேன்னு கைகாட்டுற மாதிரி. கொடி காத்துக்கு ஆடுது, அது அதோட சோலி. பெறகு கோவலன் சிலம்ப விக்கக் கெளம்புறான், எதுத்தாப்புல திமில் உள்ள காளை ஒண்ணு வருது. ஆயர் குடில அது ஆகாத சகுனம், அவனுக்கு அது தெரியல, அவன் குலத்துல அந்த வழக்கம் இல்லைங்கிறாரு இளங்கோ. சகுனத்த வச்சு எப்படி முன்னுணர்த்தல் செய்யணும்னா இப்படிச் செய்யணும். காளை வந்தது பெருசு இல்ல. அந்த ஊரோட பாஷை தெரியாத ஒருத்தன் அந்த ஊருக்குள்ள வியாபாரத்துக்குப் போறாங்கிறது அந்த ஒரு வரில இருக்கு. கொஞ்ச நேரத்துல அவன் சாகப்போறதும் அந்த ஊர்ல அவனுக்கு ஒரு ஆள் தெரியாததாலதான், பொற்கொல்லன் யாருன்னு தெரியாததாலதான்.

இதுல இன்னொரு வேடிக்கை, பதிகத்துலயே, அதாவது முன்னுரைலயே, மொத்தக் கதையையும் சொல்லிர்றாங்க. முடிவு தெரிஞ்சா சுவாரசியம் போயிரும்னு ஸ்பாய்லருக்குப் பயந்து காதப் பொத்துறவங்க இத யோசிக்கணும். முடிவு தெரிஞ்சதாலதான் ஆறு அழுறது நமக்குக் கேக்குது.

இருநூறு ரூபிள்

இப்ப நாவல். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயோட அன்னா கரீனினா, 1875லேர்ந்து பத்திரிகைல தொடரா வந்தது. அன்னா மாஸ்கோவுக்கு ரயில்ல வந்து எறங்குறா, எதுக்கு வர்றா தெரியுமா, அண்ணன் இன்னொரு பொம்பளையோட தொடுப்பு வச்சதுல ஒடஞ்சு நிக்கிற அவரு குடும்பத்த ஒட்ட வைக்க. ஸ்டேஷன்ல விரான்ஸ்கிங்கிற ராணுவ அதிகாரிய சந்திக்கிறா, ஏற்கனவே கல்யாணமான அவ பின்னாடி காதலிக்கப்போறது இவனத்தான். அப்பவே ஒரு ரயில்வே ஊழியர் ரயில்ல அடிபட்டுச் செத்துர்றாரு. அன்னா "கெட்ட சகுனம்"னு வாய்விட்டே சொல்றா.

எல்லாரும் இத ஃபோர்ஷேடோயிங்குக்கு உதாரணமாக் காட்டுவாங்க, ஏன்னா அவளும் கடைசில ரயிலுக்கு அடிலதான். சரிதான். ஆனா என்னக் கேட்டா அந்த சகுனம் மேல்மூடி. அடில இருக்குறது வேற. விரான்ஸ்கி யாருகிட்டயும் சொல்லாம, செத்தவரோட பொண்டாட்டிக்கு இருநூறு ரூபிள் குடுத்துட்டு வர்றான். மத்தவங்க கண்ணுக்கு அது தர்மம், நல்ல மனசு. கொஞ்ச அத்தியாயம் தள்ளி அன்னா அவனப் பத்தி கிட்டிங்கிற பொண்ணுகிட்ட, அதாவது அவன் தன்னக் கட்டிக்குவான்னு நம்பிட்டு இருக்குற பொண்ணுகிட்ட, புகழ்ந்து பேசுறா, ஆனா அந்த இருநூற மட்டும் சொல்லாம விட்டுர்றா. அந்தப் பணத்துல தன்ன சம்பந்தப்படுத்துற ஏதோ ஒண்ணு, இருக்கக்கூடாத ஒண்ணு இருக்குன்னு அவளுக்குத் தோணுது. மறுபடி பாருங்க, ஒரே பணம், ஊருக்கு தர்மம், அவளுக்கு வேற. நாவலோட மொத்தச் சண்டையும், அவளுக்கும் ஊருக்கும், அவளுக்கும் அவளுக்குமே, அந்த சொல்லாம விட்ட எடத்துல முளை விட்டுருச்சு. ரயிலப் பாத்துட்டு இருந்தா இது தப்பிப் போயிரும், எனக்கு மொத வாசிப்புல தப்பிப் போச்சு.

ரெண்டாம் பாகத்துல குதிரைப் பந்தயம். விரான்ஸ்கி உசுரா நேசிக்கிற குதிரை, ஃப்ரூ ஃப்ரூ, தாண்டும்போது இவன் சேணத்துல தப்பா உக்காந்ததுல முதுகு ஒடிஞ்சு விழுந்துருது. அவனுக்குக் கெட்ட எண்ணமே கெடையாது, ஜெயிக்கணும்னு வேகம், அவ்வளவுதான். குதிரைய அன்னாவோட சேத்துப் பாருங்கன்னு டால்ஸ்டாய் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அந்தப் பந்தயத்த நாலு பக்கம் படிச்சிட்டு நம்மதான் நெஞ்சு கனத்துப் போய் உக்காந்திருப்போம், ஏன்னு தெரியாது.

வால் நட்சத்திரம் மாதிரி பட்டவர்த்தனமா

சிலது ஒளிச்சே வைக்க மாட்டாங்க. பொன்னியின் செல்வன்ல வானத்துல வால் நட்சத்திரம், ஊரு முழுக்க பாக்குது, அரச குடும்பத்துல ஒரு உசுருக்கு ஆபத்துன்னு பேசிக்குது. கல்கி பத்திரிகைல 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் வந்த கதை, ஒரு வாரம் வாசகரக் கட்டி வைக்கணும்னா இந்த மாதிரி எல்லாருக்கும் தெரியுற ஒண்ணு வேணும்தான். ஆனா கல்கி அதுலயும் ஒரு சித்து வேலை காட்டிருக்காரு. படுத்த படுக்கையா இருக்குறது அரசர் சுந்தர சோழர், அதனால நம்ம பயமெல்லாம் அவர் மேல. போனது யாருன்னா அவரோட மூத்த மகன் ஆதித்த கரிகாலன். வால் நட்சத்திரம் பொய் சொல்லல, நம்மதான் வேற ஆளப் பாத்துட்டு இருந்தோம்.

சீர் சாமான்ல ஒரு பூட்டு

எங்க ஊரு கல்யாணத்துல சீர் சாமான் பரப்பி வைப்பாங்க, பாத்தவங்களுக்குத் தெரியும், வெள்ளிச் சாமான், பித்தளை, எவர்சில்வர், மரவை, தடுக்கு, பாயின்னு கூடம் நெறைஞ்சு கெடக்கும். அதுல ஒரு ஓரமா ஒரு பூட்டு இருந்தா யாரு கண்ணுலயாவது படுமா? நாவலாசிரியர் தடயத்த வைக்கிற எடம் பெரும்பாலும் அதுதான். நீளமான பட்டியலோட நடுவுல, மொதல்லயும் இல்லாம கடைசிலயும் இல்லாம. இல்லைன்னா ஒரு நகைச்சுவைக்குள்ள, சிரிச்சுட்டு இருக்கும்போது சந்தேகம் வராது. இல்லைன்னா அந்த வரிக்கு அடுத்த வரிலயே இன்னொரு பெரிய விஷயத்தப் போட்டு நம்ம கவனத்தத் தூக்கிட்டு போயிருவாங்க, எலைக் கணக்கு மாதிரி.

இங்க ரஷ்ய எழுத்தாளர் செகாவோட துப்பாக்கிய யாராவது இழுப்பாங்க. மேடைல குண்டு போட்ட துப்பாக்கிய வச்சா அது சுடணும், சுடப்போறதில்லைன்னா வைக்காதேன்னு அவரு 1889ல ஒரு கடிதத்துல எழுதுனது. அது தேவையில்லாதத வைக்காதேங்கிற சிக்கன யோசனை. வச்சத எப்படி மறைக்கிறது, எப்படி மாத்தி மாத்திக் கொண்டு வர்றதுங்கிறது அதுல இல்ல. அதப் புடிச்சுட்டு நாவல்ல வர்ற ஒவ்வொரு அருவாமனையும் யாரையாவது வெட்டணும்னு எதிர்பாக்குறது படிக்கிறவருக்கும் சள்ளை, எழுதுறவருக்கும் சள்ளை. சில அருவாமனை வாழைக்காய் நறுக்க மட்டும்தான்.

அப்ப எது தடயம், எது சும்மா கெடக்குற சாமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் செய்யுறதச் சொல்றேன். மொத தடவை ஒண்ணையும் தேடாமப் படிச்சிருவேன். முடிச்சதும் பெரிய சண்டை வந்த அத்தியாயத்தப் பிரிச்சு, அதுல ரெண்டு பேரு கைல, கண்ணுல, வாயில என்ன பொருள் இருந்துச்சுன்னு பாப்பேன், அப்புறம் அந்தப் பொருள் இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் வந்துச்சுன்னு பின்னாடி போவேன். ஒரு தடவைதான் வந்துச்சுன்னா அது அநேகமா சாமான். ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வந்துச்சுன்னா, அதுவும் ஆளுக்கு ஒரு விதமாப் பாத்தாங்கன்னா, பென்சில எடுத்துக் கோடு போட்டுக்குவேன். பச்சைச் சேலைக்காரத் தம்பிகிட்ட இதச் சொன்னேன். அவன் போயி பாத்துட்டு வந்து, "சேலை ஒரே தடவைதாண்ணே வருது"ன்னு ஒத்துக்கிட்டான். ஆனா மாமியாரோட வெத்தலைப் பெட்டி நாலு தடவை வருதாம்.

ஆறே அடில ஒரு சண்டை

போன கூட்டத்துல இதெல்லாம் பேசி முடிச்சு கடைசில குறுந்தொகைல எட்டாம் பாட்ட எடுத்தோம், ஆலங்குடி வங்கனார் எழுதுனது, ஆறே அடி. சங்கப் பாட்டுல இந்த வித்தைக்கு உள்ளுறைன்னு பேரு, தொல்காப்பியத்துலயே இருக்கு, ஊரையும் மரத்தையும் மீனையும் சொல்ற மாதிரி சொல்லி மனுசங்க சங்கதிய உள்ள வைக்கிறது. பாட்டப் பாடுறவ பரத்தை, அதாவது தலைவனோட ஆசைநாயகி. தலைவனோட மனைவி இவள ஏதோ பேசுனான்னு கேள்விப்பட்டுட்டு, அந்தப் பக்கத்து ஆளுங்க காதுல விழட்டும்னு பதில் குடுக்குறா. ஆனா எடுத்ததும் சண்டைக்குப் போகல.

"கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்"

வயல் ஓரத்து மாமரத்துலேர்ந்து பழுத்துத் தானா விழுற பழத்த கொளத்துல கெடக்குற வாளை மீன் கவ்விக்கிற ஊருக்காரன், அவ்வளவுதான் சொல்றா. ஊரு வர்ணனை மாதிரி இருக்கும். அப்புறம்தான் வருது, எங்க வீட்டுக்கு வந்தா பெருசு பெருசாப் பேசுறான், அவன் வீட்டுக்குப் போனா கையத் தூக்குனா கையத் தூக்குற, கண்ணாடில தெரியுற உருவம் மாதிரி மகனோட தாய் சொன்னதெல்லாம் செய்யுறான்னு.

நான் பெரிய மேதாவியாட்டம், "பாருங்க, பழம் தானா விழுந்துச்சு, மீன் தேடிப் போகல, நான் அவன மயக்கல, அவனா வந்தான்னு ரெண்டாவது அடிலயே கேஸ முடிச்சிட்டா"ன்னு சொல்லிட்டு இருந்தேன். எங்க குழுவுல எழுபது தாண்டுன ஒரு ஆச்சி உண்டு, மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டே கேட்டாக.

"பழம் தானா விழுந்துச்சு, சரிப்பா. அந்த மீனு எதுக்கு வாயத் தொறந்துட்டு சரியா அந்த மரத்தடில வந்து நின்னுச்சு?"

அரை மணி நேரம் ஆச்சு. பாதிப் பேரு பழத்துப் பக்கம், பாதிப் பேரு ஆச்சி பக்கம், பணியாரம் ஆறிப்போச்சு.